மைக்கில் போன பேச்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், என் முட்டி வலியும் அவர் முன்கோபமும் மட்டும் எங்களை விட்டுப் போகாமல் கூடவே இருக்கின்றன. அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று மனசில் நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உறையைப் பார்த்ததும் உனக்குத் தோன்றும். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது, இல்லையென்றால் குட்டி கூப்பிடுகிறாள், அதுவும் இல்லையென்றால் அடுப்பில் பால் பொங்குகிறது. காகிதத்தில் சிக்னல் போகாது. பாதியில் மடித்து வைத்தாலும் திரும்ப எடுத்துப் படிப்பாய், நான் பெற்ற பெண்ணை எனக்குத் தெரியாதா.

பஸ் ஸ்டாண்டில் என் வேலை அப்படியேதான் ஓடுகிறது. அதே கண்ணாடி அறை, அதே மைக், திரும்பினால் கிறீச்சென்று கத்தும் அதே நாற்காலி. எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எப்போது புறப்படும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றையும் மூன்று முறை. வீட்டில் ஒரு முறை சொன்னால் கேட்க ஆளில்லை, இங்கே மூன்று முறை சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஒரே ஒரு மாற்றம், பொது இடத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது என்ற உத்தரவு கடைசியில் எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தூணுக்குத் தூண் பலகை மாட்டிவிட்டார்கள், சாம்பல் தட்ட வைத்திருந்த மணல் வாளிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பிடித்தே தீரவேண்டும் என்கிறவர்களுக்குப் பணிமனைச் சுவருக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உத்தரவை மைக்கில் படிக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

இதைப் பற்றி இங்கே நடந்த சண்டையை நீ கேட்டிருக்க வேண்டும். சிகரெட் இல்லாம வெறும் டீயை எவன் நின்னு குடிப்பான், என் பொழைப்புல மண்ணு என்று டீக்கடைக்காரர் ஒரு பக்கம். ஹாரன் என்று எல்லோரும் கூப்பிடுவார்களே, முன்னால் எறும்பு போனாலும் ஹாரன் அடிக்கிற அந்த டிரைவர், நாள் பூரா ஸ்டியரிங் பிடிச்சுட்டு வர்றவன் ஒரு தம் போட சுவத்துக்குப் பின்னால போய் ஒளியணுமா, நான் என்ன திருடனா என்று இன்னொரு பக்கம். டிக்கெட் கொடுக்கிற பெண் இப்போது உண்டாகியிருக்கிறாள். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பாள் பாவம். வாயே திறக்காதவள் அன்றைக்கு, என் வயித்துல இருக்கறதுகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா, அது எதுக்கு உங்க புகையை இழுக்கணும் என்று கேட்டாள் பார், ஹாரனுக்கே சத்தம் வரவில்லை. உன் அப்பா மட்டும் விடுவாரா. காத்து எல்லாருக்கும் பொது, நாள் பூரா பஸ் விடுற புகையை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க, அப்புறம் நான் நிறுத்தறேன் என்றார். பஸ் புகை விட்டாலும் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும், உங்க சிகரெட் எங்க கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

என்னைக் கேட்டால் அந்தப் பெண் சொன்னதுதான் நியாயம். எனக்கு அதைப் பலகை மாட்டிச் சொல்ல வேண்டியதில்லை. குட்டிக்கு ஏழு மாசத்தில் இழுப்பு வந்து, அந்தச் சின்ன விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்ததை ஆஸ்பத்திரி நடையில் உன்னோடு நின்று பார்த்தவள் நான். வீட்டுல யார் சிகரெட் பிடிக்கறது என்று டாக்டர் கேட்டபோது உன் அப்பா சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். உங்களுக்கு என் பொண்ணை விட அதுதான் பெருசாப்பா என்று நீ கேட்டது தப்பு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். பெற்றவள் அப்படித்தான் கேட்பாள். ஆனால் நீ பஸ் ஏறிப் போனதிலிருந்து இந்த வீட்டுக்குள் அவர் ஒரு தீக்குச்சி கிழிக்கவில்லை என்பது உனக்குத் தெரியாது. சொல்ல நினைத்தபோதெல்லாம் உன் வீட்டில் பால் பொங்கிவிட்டது.

வீட்டில் பிடிக்காத சிகரெட் எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குக் குடிபோனது. பணிமனை டயர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவரை அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சாயங்காலமானால் இரண்டாம் மேடைக்கு எதிரே உள்ள பெஞ்சில் வந்து உட்காருவார், கூடவே லைட்டர் மாமா. அவரை நினைவிருக்கிறதா, ஜென்மத்தில் ஒரு சிகரெட் காசு கொடுத்து வாங்காதவர், ஆனால் லைட்டர் மட்டும் எப்போதும் பையில் இருக்கும், பற்றவைத்துக் கொடுப்பதற்குக் கூலியாக ஒன்று வாங்கிக்கொள்வார். இரண்டு பேரும் புகைத்துக்கொண்டு கிடப்பார்கள், என் வேலை முடிந்ததும் அப்பாவும் நானும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம். எனக்குத் துணைக்கு வருகிறார் என்று பாதி நினைத்தேன், சிகரெட்டுக்கு வருகிறார் என்று மீதி நினைத்தேன்.

இப்போது நடந்த கூத்தைச் சொல்கிறேன். தடை வந்த இரண்டாம் வாரம், சாயங்காலம், பஸ் ஸ்டாண்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நான் உத்தரவை ஒழுங்காக, பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பித்துப் படித்து முடித்தேன். தலை நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் அப்பா, பலகைக்கு நேர் கீழே, சாவகாசமாக ஒன்றை வாயில் வைக்கிறார், லைட்டர் மாமா நீட்டுகிறார். எனக்கு வந்ததே கோபம். ஏங்க, உங்களைத்தான், எத்தனை தடவை சொல்றது, அதைக் கீழ போடுங்க என்றேன். பட்டனை அணைக்க மறந்துவிட்டேன். எனக்கு வாயில் வருவது அதுதானே, கல்யாணமான நாளிலிருந்து அவரை வேறு எப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். அந்த ஏங்க பஸ் ஸ்டாண்டு முழுக்கப் போனது. அவரவர் பெண்டாட்டிதான் கூப்பிடுகிறாள் என்று பஸ் ஸ்டாண்டில் இருந்த அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள், கையில் சிகரெட் வைத்திருந்தவர்கள் எல்லாம் கீழே போட்டு மிதித்தார்கள். ஹாரனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அவரும் பயந்துபோய் எரிகிற சிகரெட்டைச் சட்டைப் பையில் ஒளிக்க, பையில் ஓட்டை விழுந்துவிட்டது. மேனேஜர்கூட அறைக்குள் பிடித்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே வீசினாராம், டிக்கெட் கொடுக்கிற பெண் சொன்னாள். யாருக்காகச் சொன்னேனோ அவர் ஒருவர்தான் திரும்பவில்லை. இத்தனை வருஷம் கேட்ட குரல், அவர் காதில் அது விழுவது நின்று பல காலம் ஆகிறது.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அவர் திரும்பாமல் இருக்கவும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. இதனாலதானே பெத்த பொண்ணு இந்தப் பக்கமே வரமாட்டேங்கறா என்று சொல்லிவிட்டேன். அதுவும் மைக்கில்தான் போனது. அப்போதுதான் அவர் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிகரெட்டைப் பற்றவைக்காமலே பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். எனக்காகக் காத்திருக்கவில்லை.

மறுநாள் லைட்டர் மாமா கண்ணாடியைத் தட்டி, அக்கா, பொண்ணுக்கு லீவு கிடைக்கலைன்னுதான் அவரு எங்ககிட்ட சொல்லிட்டு இருந்தாரு என்றார், திட்டவில்லை, அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒலிபெருக்கியைச் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மேனேஜர் ஒரு மெமோ கொடுத்தார், வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டில் அப்பாவிடம், கோவத்துல சொல்லிட்டேங்க, மன்னிச்சுடுங்க என்றேன். சாப்பாடு ஆறுது என்றார். அந்த வாரம் முழுக்க அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வரவில்லை. சாயங்காலம் அந்த பெஞ்சு காலியாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே நான் பஸ்களை அறிவித்தேன். தனியாக வீட்டுக்கு நடந்தபோது, இந்த மனுஷன் புகையோடாவது வந்து உட்கார்ந்தால் போதும் என்று தோன்றியது, தடை சரி என்று சொன்ன அதே எனக்குத்தான்.

அடுத்த வாரம் வந்தார். நேராகப் பின்னால் தகரக் கூரைக்குப் போவார் என்று நினைத்தேன், அவருடைய பழைய ஆட்கள் எல்லோரும் அங்கேதான் கூடுகிறார்கள், லைட்டர் மாமாவுக்கும் அங்கேதான் இப்போது வரும்படி. இவர் போகவில்லை. அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், கையில் ஒன்றும் இல்லை, இரண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார், வாயில் ஒரு கிராம்பு. மறுநாளும் அப்படியே. எனக்கு மனசு கேட்கவில்லை, வெளியே போய், எதுக்கு இங்க சும்மா உக்காந்திருக்கீங்க, பின்னால போய் ஒண்ணு பிடிச்சுட்டுத்தான் வாங்களேன் என்று நானே சொன்னேன், அந்த அளவுக்கு வந்துவிட்டேன் பார். அவர் என்னைப் பார்க்காமலே, பின்னால இருந்தா பஸ் தெரியாது என்றார்.

எந்த பஸ் என்று நான் கேட்கவில்லை. விமான நிலையத்திலிருந்து சாயங்காலம் வருகிற பஸ், நீ ஊருக்கு வந்தால் ஏறவேண்டிய அதே பஸ், இரண்டாம் மேடையில்தான் நிற்கிறது. தினமும் அதை அறிவிக்கிறவள் நான், எனக்கு அது இன்னொரு பஸ், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அறைக்குள் போய் அவரைக் கவனித்தேன். பஸ் வந்து நின்றதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்தார், கைக்குழந்தையோடு யாராவது இறங்கினால் பாதி எழுந்திருக்கிறார். குட்டி இப்போது ஓடுகிறாள் என்பது அவருக்கு மறந்துபோகிறது, அவர் கடைசியாகப் பார்த்த அளவிலேயே அவளைத் தேடிக்கொண்டிருக்கிறார். கடைசி ஆளும் இறங்கி டிரைவர் கதவைச் சாத்தியதும் என் அறையைப் பார்த்து, போலாமா என்று தலையை ஆட்டினார். இரண்டு வருஷமாக இது என் கண்ணெதிரே நடந்திருக்கிறது, புகை மறைத்ததில் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

முழுக்க விட்டுவிட்டார் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். காலையில் ஒன்று தகரக் கூரைக்கு அடியில் போகிறது, அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் உன் அறையைத் திறந்து திரைச்சீலைகளை அவரே இறக்கித் துவைத்தார், முதல் தண்ணீர் மஞ்சளாக வந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி துவைத்தார். சுவருக்குப் புது வெள்ளை அடித்திருக்கிறார், மின்விசிறி இறக்கையைத் துடைத்திருக்கிறார். எதுக்கு இதெல்லாம் என்றால் சும்மாதான் என்கிறார். உனக்கு எழுது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, இந்தக் கடிதமும் அவருக்குத் தெரியாது. நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று கேட்க வரவில்லை, அது அப்பாவும் மகளும் பார்த்துக்கொள்ள வேண்டியது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றிவந்திருக்கிறேன். யாரும் தலை வைக்காத உன் தலையணைக்கும் உறை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். குட்டி வாக்கியம் வாக்கியமாகப் பேசுகிறாள் என்று மாப்பிள்ளை சொன்னார், அதில் ஒரு வாக்கியமாவது இந்த வீட்டுச் சுவருக்குள் கேட்க வேண்டாமா.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நன்றாக இருக்க வேண்டும். குட்டியின் மூச்சு மருந்தை வெளியே போகும்போது மறக்காமல் கைப்பையில் வை, பெட்டியில் வைத்தால் அவசரத்துக்கு உதவாது. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னேன் என்று சொல். இன்னும் ஒன்றே ஒன்று. வருவதாக இருந்தால் எந்த நாள் என்று எனக்கு மட்டும் சொல், அப்பாவிடம் மூச்சு விடாதே. நீ போன அன்று உன் பஸ்ஸை நான்தான் அறிவித்தேன், மூன்றாவது முறை சொல்லக் குரல் வரவில்லை, இரண்டோடு நிறுத்திவிட்டேன். நீ வருகிற அன்று அந்த பஸ் உள்ளே திரும்பும்போதே மைக்கைப் போட்டு, ஏங்க, எழுந்து பாருங்க, உங்க பொண்ணு வந்துட்டா என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லப்போகிறேன். அவர் திரும்பிப் பார்க்கிறவரைக்கும் சொல்லுவேன். மேனேஜர் இன்னொரு மெமோ கொடுத்தால் கொடுக்கட்டும்.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா