பஞ்சம்மாளின் காய்ச்சலை மிளகாய் நெடி என்று எழுத வைத்தது பற்றி

அனுப்புநர்:
ரா. நாகலெட்சுமி (வயது 56),
க/பெ. ராமசுப்பிரமணியன்,
வடக்குத் தெரு, மேலச்செவல்குளம்,
கடலாடி வட்டம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: கொரோனாவுக்குப் பின் நான்கு வருடமாக உடல்நலம் தேறாத எங்கள் ஊர் பஞ்சம்மாளுக்கு மருத்துவச் சான்று வழங்கி, நூறு நாள் வேலையில் இலகுவான பணி தர வேண்டுதல், 2021ஆம் வருடப் பதிவு தவறானது என்று நானே ஒப்புக்கொள்ளுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பஞ்சம்மாளுக்காக நான் எழுதும் நான்காவது மனு இது. முதல் மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: ‘ஆவணங்களின்படி மேற்படி நபருக்குக் கொரோனா தொற்று இருந்ததற்கு ஆதாரம் இல்லை.’ அந்தப் பதிலைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆவணம் அப்படி இருப்பதற்குக் காரணமே நான்தான். மூன்று மனுவிலும் அதை மறைத்துவிட்டு எழுதினேன். மறைத்துக்கொண்டே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க இனி என்னால் ஆகாது.

1. எங்களுக்கு முண்டு மிளகாய் விவசாயம். பஞ்சம்மாள் (வயது 47, க/பெ. கூத்தையா) பதினைந்து வருடம் எங்கள் புஞ்சையில் பழம் பறித்து, களத்தில் வத்தல் காயப்போட்டவர். சர்க்கரை நோய்க்கு அப்போதே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

2. மிளகாய் காயும் மாதங்களில் எங்கள் ஊரில் இருமாத ஆள் கிடையாது. யார் இருமினாலும் நெடி என்போம், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். 2021 மே மாதமும் அப்படித்தான் நினைத்தோம். எனக்குக் காய்ச்சல் கண்டதும் என் கணவர் பயந்துபோய் இராமநாதபுரத்தில் பரிசோதனை செய்ய வைத்தார். முகவரி கேட்டார்கள். சொந்த முகவரி கொடுத்தால் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், களத்துக்கு ஆள் வராது, கோடை மழை இறங்கினால் பழம் அத்தனையும் அழுகிவிடும் என்று, திருவாடானையில் இருக்கும் என் தங்கை வீட்டு முகவரியைக் கொடுத்தோம். அங்கே விசாரிக்க வந்தவர்களைத் தங்கை ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

3. பாசிட்டிவ் என்று போனில் வந்த மறுநாள் காலை, ஊர் முழுக்கக் காய்ச்சல் கணக்கெடுத்து வந்த கிராம சுகாதாரச் செவிலியர் சத்யப்பிரியா களத்துக்கே வந்து ஒவ்வொருவரையும் விசாரித்தார். பஞ்சம்மாள், “மூணு நாளா காச்சலு தாயி” என்று ஆரம்பித்தார். அவருக்குக் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, மூச்சு வாங்குதல் எல்லாம் இருந்தன. கருவாட்டுக் குழம்பில் உப்பே தெரியவில்லை என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கும் அதே நிலைதான். ஆனாலும் நான் களத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக் கொல்லைப்புற வாசலில் நின்றுகொண்டு, “அவளுக்கு ஒண்ணுமில்லத்தா, மொளகா நெடி. வருசா வருசம் வாரதுதான்” என்று குறுக்கே விழுந்து சொன்னேன். பஞ்சம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். செவிலியர் அதையே எழுதிக்கொண்டு போனார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை.

4. அன்றைக்கே நான் உள்ளறைக்குப் போய்ப் பதினான்கு நாள் படுத்துக்கொண்டேன். கஞ்சியும் கஷாயமும் கதவுக்கு வந்தன. களத்து ஆட்களிடம், நான் தங்கை ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்ல வைத்தேன். பஞ்சம்மாள் அந்தக் காய்ச்சலோடு இன்னும் ஒன்பது நாள் வெயிலில் குனிந்து பழம் பறித்து, களத்தில் காயப்போட்டார். சன்னல் வழியாக அவர் இருமுவது எனக்குக் கேட்டது. நான் தேறிவிட்டேன். அவர் தேறவில்லை.

5. இப்போது இரண்டு குடம் தண்ணீர் எடுத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நெஞ்சு படபடக்கிறது. அடுப்பில் உலை வைத்ததையே மறந்துவிடுகிறார். போன மருத்துவமனைகளில் எல்லாம் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றே சீட்டு எழுதினார்கள். நூறு நாள் வேலைக்குப் போனால் மண் வெட்டிப் போட முடியவில்லை. தண்ணீர் கொடுக்கும் வேலையாவது தாருங்கள் என்று கேட்டால், ஆஸ்பத்திரிச் சீட்டு கொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறார்கள். அந்த வேலையும் இல்லாவிட்டால் அவர் வீட்டு அடுப்பு எரியாது ஐயா.

6. சென்ற மாதம் மருத்துவ முகாமில் ஒரு பெண் டாக்டர்தான் பொறுமையாகக் கேட்டார். சர்க்கரை உள்ளவர்களுக்கும், முதல் வாரத்திலேயே ஐந்தாறு தொந்தரவு ஒன்றாகக் கண்டவர்களுக்கும் கொரோனாவின் பாதிப்பு நீண்டநாள் தங்க வாய்ப்பு அதிகம், அதிலும் பெண்களுக்குக் கூடுதல் என்று விளக்கினார். முதல் வாரம் என்னென்ன செய்தது என்று கேட்டார். பஞ்சம்மாள், “அப்ப வெறும் நெடிதான் டாக்டர்” என்றார். நான் சொல்லிக்கொடுத்ததை நான்கு வருடம் கழித்தும் அப்படியே சொன்னார். பக்கத்தில் நின்ற நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஆகவே, 2021ஆம் வருடப் பதிவைத் திருத்தி, பஞ்சம்மாளை முறையாகப் பரிசோதித்துச் சான்று வழங்கவும், அவருக்கு இலகுவான பணி கிடைக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். என்னுடைய பரிசோதனை முடிவின் நகலை இணைத்துள்ளேன். பொய் முகவரி கொடுத்ததற்கும் பொய் சொன்னதற்கும் என்மீது நடவடிக்கை எடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன். “ஊருக்குள்ள நான் தல நிமிந்து நடக்க வேணாமா?” என்று கேட்டு, என் கணவர் இம்மனுவில் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

நேற்று மாலை பஞ்சம்மாள் வீட்டுக்குப் போய் இதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். எனக்கு நோய் இருந்தது அவருக்கு அப்போதுதான் தெரியும். “அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வாரம் நானும் படுத்திருப்பேன்லக்கா” என்றார். கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினேன். வாங்காமல் உள்ளே போய்விட்டார்.

எனவே இதில் என் கையெழுத்து மட்டுமே உள்ளது. அதைக் காரணம் காட்டி அவருக்குச் சேர வேண்டியதை மறுத்துவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேலச்செவல்குளம்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
ரா. நாகலெட்சுமி