தழும்போடு நீந்தும் கெண்டைகள்

சாணார்பட்டி
12-3-1964

அன்பு மகன் கண்ணுசாமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் நம் குட்டையும் உயிரோடு இருக்கிறோம், அங்கே நீயும் பேச்சாயியும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். குட்டையை மூடிவிட்டுக் கரக்பூருக்கே வந்துவிடு என்று எழுதியிருந்தாய். வரமாட்டேன் அப்பு. ஊரார் சொல்லி நீ கேட்பதற்கு முன் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

தை மாதம் மீன்களுக்கு மேலெல்லாம் சிவப்புப் புண் கண்டது. மீனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றது ஊர், நானும் நம்பித் தொலைத்தேன். கரையில் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஆத்தா இறங்குகிறவரை வலை போடக்கூடாது என்று செத்ததைக்கூட அள்ளாமல் ஒன்பது நாள் விட்டுவிட்டேன். அத்தனையும் தண்ணீரிலேயே அழுகி நோய் இன்னும் பரவிவிட்டது. மீன்துறை ராயப்பராஜ் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம்தான் செத்ததை அள்ளிப் புதைத்து, அவர் சொன்ன அளவுக்குச் சுண்ணாம்பு போட்டோம். சாதாக் கெண்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் போன வருஷம் அவர் பானையில் கொண்டுவந்து விட்டாரே, கட்லாவுக்கும் ரோகுவுக்கும் பிறந்த கலப்புக் குஞ்சுகள், அதில் அறுபது போலப் புண் ஆறித் தழும்போடு திரிகின்றன. அந்த இனத்துக்கே எதிர்ப்புச் சக்தி கூடுதலா, இல்லை ஒருமுறை நோயைத் தாண்டியதால் வந்ததா என்று தனக்கே தெரியவில்லை, புதுக் குஞ்சுகளோடு ஆடி வரைக்கும் வைத்துப் பார்க்கவேண்டும், ஒன்றையும் கொல்லாதீர்கள் என்றார்.

அதற்குள் பஞ்சாயத்துத் தலைவர் உடையப்பன் மூட்டையில் பிளீச்சிங் பவுடரோடு வந்து நின்றான். குட்டைத் தண்ணீர் ஊருணிக்குப் போய்விடும், மிச்சத்தையும் கொன்றுதான் ஆகவேண்டும் என்றான். வாய்க்காலை நான் மண் போட்டு அடைத்து எட்டு நாள் ஆகிறது, ஒரு சொட்டுப் போகாது என்று காட்டினேன். கேட்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றுவிட்டேன். "ஏழு வயசுல அம்மை வந்து பொழச்சவ நானு. இந்த மூஞ்சித் தழும்பப் பாத்துட்டு, இவளயும் குழியில போடுங்கன்னு எவனாச்சும் சொன்னானா? கொட்டுறதா இருந்தா என் தலையில கொட்டு" என்றேன். இந்தப் பொம்பளையோடு பேச ஏலாது என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். திரும்ப வருவான். வரட்டும், நானும் இங்கேதான் இருப்பேன்.

இனி உன் வீட்டுச் சங்கதி. அம்மைத் தடுப்பு ஊசி குத்தினால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், வளரட்டும் என்று பேச்சாயி எழுதியிருக்கிறாள். உன் அக்காள் ஜக்கம்மாளை நீ பார்த்ததில்லை. காய்ச்சலில் போனாள் என்றுதான் உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன். பொய். அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்த அன்று, பிள்ளைக்கு வலிக்குமே என்று அவளை நெல் கொட்டும் குதிருக்குள் ஒளித்து வைத்தவள் நான்தான். அடுத்த கோடையில் அம்மை வந்தது. மூன்று வயது அவளுக்கு. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பேச்சாயியைத் திட்டாதே, இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. மூவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். பிள்ளைக்கு அம்மை குத்தியாயிற்று என்று பங்குனி முடிவதற்குள் பதில் வரவேண்டும். வரவில்லையென்றால், வரமாட்டேன் என்று சொன்ன நானே ரயிலேறி வந்து என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய்க் குத்திவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சண்முகவள்ளி