நான்காம் பாட்டில் காணாமல் போன மூச்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், என் மூட்டு வலியும் அவருடைய பல் வலியும் அந்த நலத்தில் சேர்த்திதான். நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய், அதை மட்டும் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ஏன் என்று கடைசி வரை படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும். நீ அந்த ஊர் மேடையில் பாடி அனுப்பிய இசைத்தட்டு திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. உறையின் ஓரத்தை யாரோ பிரித்து மறுபடி ஒட்டின மாதிரி இருந்தது, தபால்காரரைக் கேட்டேன், "எனக்கெதுக்கும்மா உங்க வீட்டுப் பாட்டு" என்று கோபித்துக்கொண்டார், அன்றிலிருந்து மணி அடிக்காமல் கடிதத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறார். போகட்டும். அட்டைப் படத்தில் நீ மெலிந்திருக்கிறாய், அதுகூடப் பரவாயில்லை, கழுத்தில் சால்வை எதற்கு? மேடை விளக்குச் சூட்டில் எவளாவது கழுத்தைச் சுற்றிச் சால்வை போடுவாளா? அப்போதே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

இங்கே எல்லோரும் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். சின்ன மாமா அன்றைக்கே நகல் எடுத்துப் போய்த் தன் பேருந்தில் உன் பாட்டைப் போட்டு ஓட்டுகிறானாம், இறங்க வேண்டிய நிறுத்தத்தைக்கூட மறந்துவிட்டு ஜனங்கள் கேட்கிறார்களாம், அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடு. "அக்கா, என்னமா கைதட்டியிருக்காங்க பாரு, நம்ம பொண்ணு எங்கேயோ போயிட்டா" என்றான். அவனுக்குக் கைதட்டல் நீளமாக இருந்தால் நல்ல தட்டு, அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷம் வானொலி நிலையத்தில் பிளேடு வைத்து ஒலிநாடாவை வெட்டி ஒட்டினவள் நான், பாடுகிறவர்களின் இருமலையும் தொண்டைக் கனைப்பையும் ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துப்போட்ட கை இது, என் காதில் பூச்சுற்ற முடியுமா? செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜன்னலெல்லாம் சாத்தி, ஃப்ரிட்ஜ் முனகுகிறது என்று அதையும் அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிட்டேன், பால் திரிந்து போனது, அதுவும் உன் கணக்கில்தான்.

இந்த அமெரிக்க ஸோல் பாட்டு எனக்கு உன்னால் பழக்கமானது. நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு பாடுவது என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். நீ கல்லூரிக் காலத்தில் வாங்கிக் குவித்த மேடைப் பதிவுகளையெல்லாம் நீ போன பிறகு நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவற்றில் எது நல்லது என்று எனக்கு ஒரு தீர்மானம் உண்டு. பாடகி ஒரு வரியைத் தவறவிடுவாள், எதிரே இருப்பவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள், டிரம்ஸ்காரர் சிரித்துவிடுவார், இரண்டு நிமிஷப் பாட்டை ஜனங்கள் விடாததால் ஏழு நிமிஷம் இழுக்கும், நடுவில் அவள் மூச்சு வாங்குவது அப்படியே கேட்கும், அடடா, நமக்காக ஒருத்தி இப்படிப் பாடுகிறாளே என்று இருக்கும். அதெல்லாம் இருந்தால்தான் அது மேடைப் பதிவு. இல்லாவிட்டால் பூட்டின அறையில் பாடிவிட்டு அதன்மேல் கைதட்டலைத் தூவினதுதான்.

உன் தட்டில் டிரம்ஸ்காரர் சிரிக்கிறார், ஜனங்கள் பாடுகிறார்கள், எல்லாம் இருக்கிறது, மூச்சை மட்டும் காணோம். நான்காம் பாட்டு, அந்த மெதுவான பாட்டு, பதினோரு வரி, நடுவில் ஒரு தடவைகூட நீ மூச்சு விடவில்லை. தண்ணீருக்குள் பாட நீ என்ன மீனா? திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். வரிக்கும் வரிக்கும் நடுவே அரங்கம் சும்மா இருக்கிற சத்தம், அதில் எங்கோ ஒரு கண்ணாடி டம்ளர் மேஜையில் இடித்து 'டிங்' என்கிறது. அதே டம்ளர், அதே 'டிங்', அந்த ஒரே பாட்டில் நான்கு இடத்தில். மூச்சு இருந்த இடத்தை வெட்டிவிட்டு, அந்தப் பொத்தலை வேறோர் இடத்து அமைதியை வைத்து அடைத்திருக்கிறார்கள். எடுத்த அமைதியில் டம்ளர் இருந்ததை அந்த மனுஷர் கவனிக்கவில்லை. உங்கள் குழுவின் ஒலிப்பதிவுக்காரர், அந்தத் தாடிக்காரர்தானே? கை சுத்தமான கைதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் என்னிடம் வேலைக்கு இருந்திருந்தால் அன்றைக்கே காதைத் திருகியிருப்பேன். இன்னொன்றும் கேள். நீ நீளமாக இழுக்கிற இடத்திலெல்லாம் கைதட்டல் முந்திக்கொண்டு வருகிறது. ஜனங்கள் முந்தித் தட்டுவார்கள்தான், ஆனால் அப்படி இழுக்கிற ஐந்து பாட்டிலும் அளந்து வைத்த மாதிரி ஒரே இடத்திலா முந்துவார்கள்? இழுத்த சுரத்தின் கடைசி உடைகிறது, அதை மறைக்கத்தான் அந்தத் தட்டல்.

ஆனால் ஏழாம் பாட்டில் தாடிக்காரர் ஒன்றைத் தவறவிட்டுவிட்டார். நீ நின்றுபோகிறாய், மரம் அறுக்கிற மாதிரி ஒரு மூச்சு வருகிறது, அரங்கத்தில் ஒரு பெண் "பாடும்மா பாடு" என்கிற மாதிரி தன் பாஷையில் ஏதோ சொல்கிறாள், எல்லோருமாகச் சேர்ந்து அந்த வரியை உனக்காகப் பாடுகிறார்கள், பிறகு நீ சேர்ந்துகொள்கிறாய். சத்தியமாகச் சொல்கிறேன், மொத்தத் தட்டிலும் அந்த ஒரு இடம்தான் உயிரோடு இருக்கிறது. அங்கேதான் தட்டை நிறுத்திவிட்டேன். அந்த மூச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

உன் அப்பாவின் குரல் கரகரவென்று இருப்பது சின்ன வயசுக் காய்ச்சலால் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். பொய். உன் அப்பா எங்கள் நிலையத்துக் குழுவில் முன்வரிசைப் பாடகர். கல்யாணமான புதிதில் அவருக்கு இந்த மூச்சு வந்தது. மேலதிகாரிக்குத் தெரிந்தால் குழுவை விட்டு எடுத்துவிடுவார், நீ வெட்டிவிடு என்றார். வெட்டினேன். மூன்று வருஷம் அவ்வளவு அழகாக வெட்டினேன், வானொலியில் கேட்ட ஒருவருக்கும் தெரியவில்லை, அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது காலம் கடந்திருந்தது. கட்டியை எடுத்தார்கள், அதோடு குரலும் போனது. அதற்கப்புறம்தான் நீ பிறந்தாய், அவர் பாடி நீ கேட்டதே இல்லை.

புதன்கிழமை காலை ஒன்றும் சொல்லாமல் ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டி நான்காம் பாட்டைப் போட்டேன். முதலில் தலையை ஆட்டி ரசித்தார். பாட்டு முடிவதற்குள் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "யாரு வெட்டினது?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இப்போது சொல்லு. மூன்று மாதமாக நீ போனில் பேசுவதில்லை, எல்லாம் எழுத்துச் செய்திதான், கேட்டால் சிக்னல் இல்லை என்கிறாய், சிக்னல் இல்லாமல் செய்தி மட்டும் எப்படியடி வருகிறது? பூசி மெழுகாதே. தாடிக்காரரை நான் திட்டமாட்டேன், நீ கேட்டிருப்பாய், பாசத்தில் செய்திருப்பார், அந்தப் பாசம் என்ன செய்யும் என்று என்னைவிடத் தெரிந்தவர் யார்? இந்த வாரமே தொண்டை டாக்டரைப் பார். வெட்டாத பதிவை அவரிடம் போட்டுக் காட்டு, எனக்கும் ஒன்று அனுப்பு. கிசுகிசுத்துப் பேசாதே, அதுவும் தொண்டைக்குக் கெடுதல். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன், பேச முடியாவிட்டால் பேசவேண்டாம், எடுத்துக் காதில் வைத்துக்கொள், நீ மூச்சு விடுவது கேட்டால் போதும் எனக்கு. எடுக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து நிற்பேன். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் குரல் உன்னோடு கிழவியாக வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் சந்தேகக்கார அம்மா

கண்ணு, அப்பா எழுதறேன். நான் கேட்டேன், அம்மா வெட்டினா. மூணு வருஷமும் நல்லாப் பாடறேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நீ யாரையும் வெட்டச் சொல்லாதே.