பத்தரை மணிப் பசி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஆஸ்பத்திரி. தங்கைக்குச் சிறுநீரகம் கொடுக்க என் ரத்தம் பொருந்துகிறது என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். இன்று மீதிச் சோதனைகளின் முடிவு வந்தது. ஒன்றைத் தவிர எல்லாம் சரி. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.2. அது ஆறுக்குக் கீழே வர வேண்டுமாம். எடையும் ஐந்து கிலோ குறைய வேண்டுமாம்.

"சர்க்கரை வியாதிக்கு நீங்க வாசல்ல நிக்கிறீங்க. ஒத்தைக் கிட்னியோட இருக்கறப்போ அது வந்துட்டா ஒரு வீட்ல ரெண்டு நோயாளி. அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் டாக்டர். மூன்று மாதம் அவகாசம்.

வெளியே வந்ததும் தங்கை சிரித்தாள். "விடுக்கா, நீ பரீட்சையில பெயிலாகறது நமக்குப் புதுசா?" அவள் பி.டி. டீச்சர். பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளை ஓடவிட்டவள். ஒன்றரை வருஷமாக வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்துக் கிடக்கிறாள். மற்ற மூன்று நாள் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுகிறாள். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயரே விசில்தான்.

இன்றிலிருந்து பிஸ்கட், சாக்லேட், கேக், காப்பியில் சர்க்கரை எல்லாம் நிறுத்தம்.

மார்ச் 9, ஞாயிறு

ஐந்து நாளாயிற்று. சர்க்கரையைத் தொடவில்லை. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வருகிறது.

மார்ச் 16, ஞாயிறு

விசில் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர். மாத்திரை விழுங்குவது, காப்பி, தயிர் எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். எனக்கு மட்டும் ஒரு பெரிய டம்ளர் நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் எதிரே குடிக்கக் கூச்சமாக இருந்தது.

"குடிக்கா. யாராவது மடக் மடக்னு குடிக்கிறதைப் பார்த்தா எனக்கு ஜாலியா இருக்கும்" என்றாள். நிஜமாகவே ரசித்துப் பார்த்தாள். அவள் இடத்தில் நான் இருந்தால் வீட்டுக்கு வருகிற ஒருத்தரையும் தண்ணீர் குடிக்க விட்டிருக்க மாட்டேன்.

நான் அவளுக்கென்று பாதாம், பேரீச்சை, அத்தி, உலர்ந்த திராட்சை என்று ஒரு பை நிறையக் கொண்டுபோயிருந்தேன். திறந்து பார்த்துவிட்டு அப்படியே முடிச்சுப் போட்டுத் திருப்பித் தந்தாள். "அவ்வளவும் பொட்டாசியம். இதைத் தின்னா என் இதயம் நொண்டியடிக்கும். நீயே சாப்பிடுக்கா, சத்து."

சத்துதான். அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

நான் வேலை பார்க்கும் பார்சல் கவுண்டரில் இன்று சரியான கூட்டம். நான் எடை போட்டு முடிப்பதற்குள் ஒவ்வொருவரும் முன்கூட்டியே சமாதானம் சொல்வார்கள். "வெயிட்டே இருக்காது மேடம், வெறும் துணிதான்." தராசில் வைத்தால் மூன்றே கால் கிலோ. பன்னிரண்டு வருஷமாக இதே பாட்டைக் கேட்கிறேன். இப்போதெல்லாம் கையில் வாங்கினாலே கிராம் சொல்லிவிடுவேன்.

மத்தியானம் ஓர் ஆப்பிள். ராத்திரி இரண்டு துண்டு ரொட்டி. வாயைக் கட்டுகிறேன், வயிற்றைக் கட்டுகிறேன். பத்தரை மணிக்கு மட்டும் கொஞ்சம் தள்ளாடியது. ஒரு கைப்பிடி பாதாம், நாலு பேரீச்சை. இனிப்பு ஆசைக்கு இனிப்பும் ஆயிற்று, உடம்புக்கும் நல்லது.

ஏப்ரல் 19, சனி

பேரீச்சை தீர்ந்தது. இரண்டு கிலோ வாங்கினேன். இரும்புச் சத்து.

மே 8, வியாழன்

வேர்க்கடலை வெண்ணெயில் தேன் விட்டுக் குழைத்தால் சாக்லேட்டே தோற்றுவிடும். கிண்ணம் எதற்கு, பாட்டிலிலேயே கரண்டி போட்டாயிற்று.

உணவு ஆலோசகர் கொடுத்த நோட்டில் தினமும் சாப்பிட்டதை எழுத வேண்டும். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம்தான் இருக்கிறது. பத்தரைக்குக் கட்டமே இல்லை. அதனால் எழுதவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

6.4.

ஏறியிருக்கு. எடையும் ரெண்டு கிலோ ஏறியிருக்கு. ஒரு பிஸ்கட்கூடத் தொடலையே! மூணு மாசம் காப்பியைக் கஷாயமாக் குடிச்சேனே!

டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. செப்டம்பரில் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்றார். ஆலோசகர் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இதுல எழுதாதது ஏதாவது இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

விசில் என் தோளில் தட்டி, "காப்பி வாங்கித் தரவா, எனக்கு வேணாம்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 4, புதன்

நேற்று ராத்திரி தின்ற அளவை இன்று காலையில் அப்படியே ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். பாதாம் மூன்று கைப்பிடி, பேரீச்சை ஒன்பது, திராட்சை ஒரு கைப்பிடி, வேர்க்கடலை வெண்ணெய் நான்கு கரண்டி. கவுண்டர் மூடியபின் தராசில் வைத்தேன். வைக்கும்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், வெயிட்டே இருக்காது, வெறும் கொட்டைதான் என்று.

முந்நூற்று எண்பது கிராம். பழக்க தோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டேன், சீட்டும் அச்சாகி வந்தது.

ஜூன் 7, சனி

தெரிந்துவிட்டது அல்லவா, நின்றுவிடும் என்று நினைத்தேன். தெரிந்தும் தின்கிறேன். நேற்றும் தின்றேன், இன்றும் தின்றேன். ஏன்?

ஜூன் 13, வெள்ளி

டயாலிசிஸ் மையத்தின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே விசில் படுத்திருக்கிறாள். இந்த வாரத்திலிருந்து அவளுக்கு அதிகாலை ஐந்தரை மணி முறை. மையம் எங்கள் வீட்டுக்குப் பக்கம் என்பதால் முதல் நாள் ராத்திரியே வந்து தங்குகிறாள்.

நேற்று என் வீட்டுக்காரர் தூங்கியபின் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் பாட்டில், வாயில் கரண்டி. விசில் ஐஸ் கட்டி எடுக்க வந்தாள். தாகம் தாங்காவிட்டால் ஒரே ஒரு கட்டி, அதையும் கடிக்காமல் கரையும்வரை வைத்திருப்பாள். கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டேன்.

அவள் கத்தவில்லை. ஐஸை வாயில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஐஸ் கரைந்ததும் கேட்டாள்.

"எத்தனை நாளாக்கா?"

"மார்ச்சுல இருந்து. சத்துதானேன்னு…"

"கொடுக்க பயமா இருக்கா?"

சீ, என்ன பேச்சு என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். பயம்தான். பகலெல்லாம் கவுண்டர் இருக்கிறது, சாயங்காலம் அவர் இருக்கிறார். வீடு அடங்கினபிறகு என் வயிற்றைக் கீறுகிற கத்திதான் கண்ணுக்குள் வருகிறது. வாயில் எதையாவது போட்டால் அந்த நேரத்துக்கு அது போகிறது. அதற்கும் கீழே இன்னொன்று இருக்கிறது, அதை நான் அவளிடம் சொல்லவில்லை. நான் தேறிவிடக் கூடாது என்றுதான் எனக்குள்ளே ஒருத்தி தின்கிறாளோ?

சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. "வேணாம்னா வாயைத் திறந்து வேணாம்னு சொல்லிடு. சத்தியமா கோவிச்சுக்க மாட்டேன், மெஷின் இருக்கு, நான் பாத்துக்கறேன். ஆனா தின்னு தின்னு பெயிலாகி, அப்புறம் என் மூஞ்சியைப் பாக்க முடியாம ஒளியாத. கிட்னி இல்லாம நான் ஒன்றரை வருஷம் ஓட்டிட்டேன். அக்கா இல்லாம ஓட்ட முடியாது."

அடி, நீதானடி எனக்குத் தங்கை. உனக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு பெரிய மனசு?

பிறகு உடனே டீச்சராகிவிட்டாள். மத்தியானம் என்ன சாப்பிட்டே, ராத்திரி என்ன சாப்பிட்டே என்று குறுக்கு விசாரணை. ஆப்பிள், இரண்டு ரொட்டி என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள். "பட்டினி கிடக்கற பிள்ளையை ஓட விட்டா அது மயங்கித்தான் விழும். பகல் பூரா வயித்தைக் காயப்போட்டுட்டு ராத்திரி வாயைத் திட்டினா எப்படி?"

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு நாளாக யோசித்தேன். கொடுக்கணுமா, வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லலாம் என்று அவளே வாசலைத் திறந்துவிட்ட பிறகுதான், போகத் தோன்றவில்லை.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "எனக்கும்தான் பயமா இருக்கு, சொன்னா நீ பயப்படுவியேன்னு சொல்லல. பயம் இல்லாம எவன் லிஃப்ட் குழிக்குள்ள இறங்குறான்? பெல்ட்டை மாட்டிட்டு இறங்குறோம், அவ்வளவுதான்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

விசிலுக்குப் போன் செய்தேன். "பயமாத்தான் இருக்கு. ஆனா தர்றேன்" என்றேன். பதிலுக்குக் காது கிழிகிற மாதிரி ஒரு விசில்.

ஜூன் 17, செவ்வாய்

ஆலோசகரிடம் 380 கிராம் சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "அன்னிக்குச் சொன்ன பொய்க்கு எடை" என்று சொல்ல நினைத்து, "மன்னிச்சுக்கோம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே அதை என் கோப்பில் ஒட்டிவைத்தாள். அந்தப் பெண் ஒரு தடவைகூடக் கட்டுப்பாடு என்ற சொல்லை எடுக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு கும்பிடு.

மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். எட்டு மணிக்குள் ராத்திரிச் சாப்பாடு, அதில் முட்டையோ பருப்போ கட்டாயம், காய் தாராளமாக. பாதாம் உண்டு, சாயங்காலம் பன்னிரண்டு, எண்ணி ஒரு கிண்ணத்தில். இனிப்பும் உண்டாம்! மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னத் துண்டு, உட்கார்ந்து, ரசித்து. "பூட்டி வச்சா அதையேதான் நினைச்சுக்கிட்டு இருப்பீங்க" என்றாள். பத்தரைக்கு நிஜப் பசி என்றால் ஒரு கிண்ணம் தயிர். பயம் என்றால் இந்த டைரியில் எழுத வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இருபது நிமிஷம் கவுண்டரை மூடிவிட்டுச் சாப்பிட்டேன். வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். உலகம் இடிந்து விழவில்லை. ஒரு துண்டு சாக்லேட் ஐந்து நிமிஷம் வாயில் இருந்தது. இத்தனை வருஷமாக நான் அதை ருசித்ததே இல்லை, விழுங்கியிருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று சறுக்கிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஆபரேஷன் விளக்கத் தாள் வந்தது. படம் போட்டு எழுதியிருந்தார்கள். பத்தரைக்கு வேர்க்கடலை வெண்ணெய் பாதி பாட்டில் காலி. காலையில் பட்டினி போடுகிறேன் என்று நின்றேன். டயாலிசிஸ் முடிந்து வந்த விசில் விடவில்லை, தட்டைக் கையில் கொடுத்து எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"போன வருஷம் ஒரு நாள் ராத்திரி நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஒரு பாட்டில் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சேன். ரெண்டு மணிக்கு மூச்சு முட்டி ஆம்புலன்ஸ். உங்கிட்ட காய்ச்சல்னு சொன்னேன். மறுநாள் காலைல மறுபடி அளந்து ஊத்தினேன்க்கா. வேற என்ன பண்றது?"

எனக்குத் தெரியவே தெரியாது. அவளுக்குப் பிறவியிலேயே மன உறுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை, ஒவ்வொரு காலையும் புதிதாக அளந்து ஊற்றுகிறாள். இது தெரிந்தபிறகு அவள் மேல் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

இரண்டு முட்டை, ரொட்டி, காய். தட்டைக் காலி செய்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மார்ச் எடையைவிட மூன்றரை கிலோ குறைந்தது. பத்தரைக்குத் தூங்கிப்போய்விடுகிறேன். அதனால்தான் இங்கே எழுத்து குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

கனவில் பேரீச்சை. எழுந்ததும் சிரிப்பு வந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

5.8!

மார்ச் எடையைவிட ஐந்தரை கிலோ கீழே. டாக்டர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். விசில் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்து எத்தனையோ வருஷம். "பாஸாயிட்டேன்டி" என்றேன். "முதல் தடவை" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாளைக் காலை ஏழு மணிக்கு. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். தூங்கப் போகிறேன்.

செப்டம்பர் 20, சனி

வலிக்குது. எழுத முடியல. ரெண்டு பேரும் இருக்கோம்.

செப்டம்பர் 27, சனி

நான் வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. விசில் இன்னும் ஆஸ்பத்திரியில். எனக்குப் பிடித்த பக்கம் ஒருக்களிக்க முடியவில்லை, மற்றபடி குறைவில்லை. அவர் கஞ்சி என்ற பெயரில் ஏதோ காய்ச்சித் தருகிறார், குடிக்கிறேன்.

ராத்திரி பதினொன்றுக்குப் போன் மணி. விசில். பதறிப்போய் எடுத்தேன்.

"அக்கா, தூங்கிட்டியா? காலைல டியூபை எடுத்துட்டாங்க."

"என்னடி ஆச்சு? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுக்கு வந்துச்சுக்கா! நானே நடந்து போனேன்! ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, எப்படிப் போறதுன்னே மறந்துபோச்சு. சத்தத்தைக் கேட்டு நர்ஸம்மா கைதட்டினாங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தையல் சுரீரென்றது. சிரிக்க வைக்காதடி என்றேன்.

"சாயங்காலத்துல இருந்து இது ஏழாவது தடவை. கண்ணை மூட விடலக்கா. உன்னோடதுதானே, ராத்திரியானா சும்மா இருக்குமா? இரு இரு, மறுபடியும் வருது…"

போனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.