அலுமாரிச் சாவி இல்லாதிருந்த பதின்மூன்று நாட்கள்

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை
மு.ப. 6.40, மஹய்யாவ, கண்டி

விடயம்: அலுமாரி திறக்கப்பட்டமை பற்றி

நண்பரே,

சற்று முன்னர் அலுமாரியைத் திறந்தேன். வானொலியெங்கும் பூச்சி உருண்டையின் நெடி. சாவி என் கைக்குத் திரும்பிப் பதினைந்து நாட்களாகியும் இன்றுதான் திறக்க மனம் வந்தது. அதை எடுத்துச் சென்றவர் நீர் என்பதை உமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

ஜூலை 20, அதுவும் ஞாயிறுதான். தெல்தெனியவில் ஒரே அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் எதிரெதிர் மேசையில் இருந்த உரிமையில், கேளாமலே என் அறைக்குள் வந்தீர். மணிக்கொரு தடவை சொல்லப்படும் செய்திகளை நான் நேரத்தோடு குறித்து வந்த கொப்பியைப் புரட்டினீர். எங்கோ குண்டு விழுந்தது, எங்கோ கப்பல் மறிக்கப்பட்டது, எங்கோ காடு எரிந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே என் இரத்த அழுத்தம்.

"ஒலகத்துக்கே பிரஷர் பாக்குறீங்களா சேர்? நீங்க முழிச்சிருந்தா அவனுங்க சுடாம இருப்பானுங்களா?"

"பகிடி விடாதேயும். யுத்தம் பெருத்தா எண்ணெய் விலை ஏறும், நாங்கள் திரும்பவும் வரிசையில நிக்க வேண்டி வரும். ஒருத்தர் எண்டாலும் கவனிச்சுக்கொண்டிருக்க வேணும்."

"அந்த ஒருத்தர் நீங்க இல்ல." வானொலியையும் கைத்தொலைபேசியையும் உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர். "முக்கியமான சேதின்னா நானே வந்து சொல்றேன்."

உம்மீது எழுந்த கோபம் மூன்றாம் நாளே அடங்கியதை ஒப்புக்கொள்கிறேன். கைநடுக்கம் நின்றது. பதின்மூன்று இரவுகள் இடையில் விழிக்காமல் உறங்கினேன். அதை உமக்குச் சொல்லத்தான் ஆகஸ்ட் 2, சனிக்கிழமை காலை பன்வில பஸ் ஏறினேன். உம் வீட்டுக்குத் திரும்பும் சந்தியிலிருந்தே மரண வீட்டு வெள்ளைக் கொடிகள் தொங்கின. வேறு யாருக்கோ என்று எண்ணியபடி நடந்தேன்.

நீர் ஜூலை 30, புதன்கிழமை மார்புவலியில் போய்விட்டிருந்தீர். வெள்ளி பிற்பகல் தகனமும் முடிந்திருந்தது. வாசலில் உம் மகள் நின்றாள்.

"ஏன் மாமா வரல? போன் நாலு தடவ அடிச்சோம், ஆஃப்ல இருந்திச்சு. மாமா எந்நேரமும் ரேடியோவோட இருக்கிறவரு, அதுல மரண அறிவித்தல் குடுத்தா ஓடி வந்துருவாருன்னு நான்தான் சொன்னேன். ரெண்டு நாளும் அறிவித்தல் போச்சு. அம்மா நாலு மணி வரைக்கும் பெட்டிய மூட விடல."

"அலுமாரிச் சாவி..." என்று தொடங்கி நிறுத்தினேன். இறந்தவரைப் பற்றி அவர் மகளிடமே முறையிடுவதா? அவள் உள்ளே போய் அதைக் கொண்டுவந்தாள். "அப்பா சட்டையில இருந்திச்சு. எங்க வீட்டுல எதுக்கும் பொருந்தல." உம் மனைவி கதவோரம் வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

உமது ஆலோசனை சரியானதே. அதனாலேயே அதை மன்னிக்க முடியவில்லை. உலகின் அழிவுகளையெல்லாம் நேரத்தோடு குறித்தவன், எனக்கென்று வந்த ஒரே செய்தி வாசிக்கப்பட்டபோது நிம்மதியாகக் கண்ணயர்ந்திருந்தேன். இனிச் செய்தி கேட்கப் போவதில்லை. மரண அறிவித்தல்களை மட்டும், முன்பின் அறியாதவர்களுடையதையும், கடைசிப் பெயர் வரை கேட்பேன். கைநடுக்கம் திரும்பினால் திரும்பட்டும்.

இணைப்புகள்:

(அ) ஆகஸ்ட் 2 திகதியிட்ட பன்வில பஸ் டிக்கெட். ஒரு நாள் பிந்தியது.

(ஆ) ஜூலை 31, ஆகஸ்ட் 1 ஆகிய இரு தினங்களும் வாசிக்கப்பட்ட அறிவித்தலின் பிரதி, உம் மகளின் கையெழுத்தில். உம் மனைவி, மகள் பெயர்களை அடுத்து செய்தி சேர வேண்டியவராக என் பெயரும் விலாசமும் உள்ளன; இருமுறை அடிக்கோடிடப்பட்டுள்ளன. ஓரத்தில் அறிவிப்பாளருக்கு ஒரு குறிப்பு: "இந்த வரியை மெதுவாக வாசிக்கவும்."