தண்ணீர் பற்றிய கேள்வி

என் கண்ணுக்கு,

"ஏம்மா வெயில்ல ஊடு ஊடா அலையறே?" என்று கேட்டாயே. இந்தப் பகுதிநேர சர்வே வேலையில் நாலு முகங்களையாவது பார்க்கிறேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உன் நினைப்புதான்.

நேற்று போத்தனூரில் ஒரு வீட்டில் உன் வயதுப் பெண் ஒருத்தி. "வாங்க, உக்காருங்க" என்று மோர் கொடுத்தாள். எங்கள் சர்வேயில் ஒரு கேள்வி உண்டு: வீட்டுக்காரர் கைநீட்டுவாரா? பெண் தனியாக இருந்தால் மட்டும்தான் அதைக் கேட்க வேண்டும். யாராவது வந்துவிட்டால் உடனே தண்ணீர் பற்றிய கேள்விக்குப் போய்விட வேண்டும். அப்படித்தான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

நான் கேட்டதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய் திறப்பதற்குள் அவள் புருஷன் வந்துவிட்டான்.

"அம்மணி, தண்ணி ஒழுங்கா வருதுங்களா?" என்றேன்.

"வருதுங்க" என்றாள். ஆனால் கையை விடவில்லை. நான்தான் விடுவித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

நீ போன் பேசும்போதெல்லாம் மாப்பிள்ளையும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தையும் இருவரும் சேர்ந்துதான் படிப்பீர்கள். அவரை விசாரித்ததாகச் சொல்.

சென்னிமலையில் உங்கள் வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, கண்ணு?

அம்மா