காரியாபட்டித் தங்கச்சியின் கையெழுத்து

அக்கா,

என் மூத்த பேரன் சென்னையில் இன்ஜினியர். அடுத்தவன் சாத்தூரில் சொந்தக் கடை வைத்துவிட்டான். பேத்தி பேங்கில் ஆபீசர். உங்கள் பேத்தியும் பேங்கில்தான், ஆனால் ஆபீசர் இல்லை. இதை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் அப்படித்தான்.

இன்று பேத்தி கட்டிய வீட்டின் பால்காய்ப்புப் பத்திரிகை அச்சாகி வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும்போது மை வாசனை மூக்கில் ஏறியது. உங்கள் வீட்டுப் பத்திரிகை ஞாபகம் வந்துவிட்டது. அதை நான் அடுப்பில் போட்டேன். இப்போதுதான் சொல்கிறேன்.

நீங்கள் மூத்த மருமகள், எட்டாவது படித்தவர். நான் இளைய மருமகள், ஐந்தோடு நின்றவள். உங்கள் வீட்டுக்காரர் எதையும் உங்களைக் கேட்டுத்தான் செய்வார். அவருடைய தம்பி என்னிடம் கேட்டது, குழம்பு கொதித்துவிட்டதா என்று மட்டும்தான்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பெரியவர் இறந்ததும் அவருடைய மகன்கள் இருவரும் நிலத்தை மனை போட்டு விற்றார்கள். நமக்குப் பக்கத்துப் பக்கத்து மனை. பட்டா அவர்கள் பெயரில் இருந்தது. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தம். நீங்கள் வாய் திறக்குமுன் மூலை மனையை நான் கேட்டு வாங்கிவிட்டேன்.

நீங்களோ அந்த ஊர்க் குழாயடியில் போய் நின்று, "அந்த வீட்டுல பொம்பளப் பிள்ளைக எத்தன?" என்று விசாரித்திருக்கிறீர்கள். காரியாபட்டியில் கட்டிக்கொடுத்த தங்கச்சி ஒருத்தி இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

"ஏத்தா, அவ கையெழுத்து இல்லாம வாங்காத. அவளுக்கும் பங்கு உண்டு" என்றீர்கள்.

"அதான் சீர் செஞ்சு அனுப்பிட்டாகள்ல? வில்லங்கத்துல ஒண்ணும் இல்லயே."

"வில்லங்கத்துல பதிஞ்சதுதான் வரும். பெத்தது வருமா? வாரிசு சர்ட்டிபிகேட்ட வாங்கிப் பாரு. நாளைக்குக் காரியாபட்டி போறோம், நீயும் வா."

"மூலை மனை எனக்குக் கெடச்சது ஒங்களுக்குப் பொறுக்கல. நீங்க ஊர் ஊராப் போங்க, நாங்க பதியுறோம்."

அந்த வெள்ளிக்கிழமையே பதிந்தோம். நீங்கள் ஒரு மாதம் கழித்து, அவளுக்குரிய பங்கைக் கொடுக்கவைத்து, அவளையும் கையெழுத்துப் போடவைத்துப் பதிந்தீர்கள். எங்கள் மனைக்கு அவள் கேஸ் போட்டாள். பதினோரு வருடம் மூலை மனையில் கருவேலம் வளர்ந்தது. பக்கத்தில் உங்கள் மாடியில் சேலை காய்ந்தது. கடைசியில் அவளிடம் பேசிச் சமாதானம் செய்துவைத்ததும் நீங்கள்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

போன வருடம் பேத்தி ஒரு மனைக்குப் பேப்பர்களைக் கொண்டுவந்தாள். தாய்ப் பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கம், வக்கீல் ஒப்புதல், எல்லாம் இருந்தன. பத்திரத் தமிழை எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே நேரமாகும். "விக்கிறவுக வீட்டுல பொம்பளப் பிள்ளைக எத்தன?" என்றேன். விசாரித்ததில், தூத்துக்குடியில் ஓர் அக்கா இருந்தாள். அவள் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் பத்திரம் பதிந்தது.

"வக்கீலுக்கே தோணல, ஒங்களுக்கு எப்பிடி அப்பத்தா தோணுச்சு?" என்றாள்.

"அனுபவந்தான்" என்றேன். உங்கள் பேச்சு வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இப்போது பத்திரிகையில் என் படத்தைப் போட்டு, 'இந்த மனையைக் காத்துக்கொடுத்த அப்பத்தா' என்று அச்சடித்திருக்கிறாள். மஞ்சள் தடவிய கை அந்த இடத்தில் நின்றுவிட்டது. அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

சிரித்தாள். "அப்ப ஒங்க படத்தோட பெரியப்பத்தா படத்தையும் புது வீட்டுல மாட்டணும்ல?"

ஆகட்டும் என்றேன். என்னிடம் இருக்கும் படத்தில் நீங்கள் உங்கள் விஸ்வநத்தம் வீட்டு வாசலில் நின்று சிரிக்கிறீர்கள். அது மட்டும் வேண்டாம். வேறு படம் ஒன்றைப் புதிதாகப் பிரதி போட்டுத் தபாலில் அனுப்பும்படி உங்கள் மகனுக்கு எழுதிவிட்டேன். அளவும் குறித்திருக்கிறேன்.

என் படத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.